துரைசாணி மாலை பிறந்த ஊர்

எண்பத்தாறாம் ஆண்டிலே தோட்டத்துக்குள் ஒரு ஜீப் வருகிறதென்றால் லயமென்கிற வரிசை வீடுகளில் இருக்கிற சனங்கள் கைவேலையை அப்படியே போட்டுவிடுவார்கள். முதலில் கதவைச் சாத்துவார்கள். சாத்திய பிறகுதான் வீட்டு ஆம்பிளை உள்ளே இருக்கிறானா, வெளியே இருக்கிறானா என்று தேடுவார்கள். இலங்கையின் மாத்தளை மலையில், யட்டவத்தைக்கு மேலே, பெரியகல்லுத் தோட்டத்தில் அன்றைக்குப் பத்தாம் நம்பர் லயத்துக் கதவுகளெல்லாம் சாத்தியாயிற்று. நல்லம்மாவின் புருஷன் அழகையா மட்டும் வெளியே மாட்டிக்கொண்டான். ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, கோயில் விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான் மனுஷன்.

ஜீப் நேரே ஓடைக்கரைக்குத்தான் வந்தது. ஓடுவதா, நிற்பதா? ஓடினால் ஏன் ஓடினாய் என்பார்கள். நின்றால் ஏன் நின்றாய் என்பார்கள். அழகையா விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். இறங்கியவர்களின் கையில் துவக்கும் தோட்டாவும் இல்லை. வெள்ளைத் துணியும் ரிப்பனும் கத்தரிக்கோலும் இருந்தன. அதைப் பார்த்து அவனுக்குப் பயம் கூடியதே ஒழியக் குறையவில்லை. துவக்கு என்றால் என்ன நடக்கும் என்றாவது தெரியும்.

வந்திருந்தது வைரச் சாத்தியக்கூற்று மதிப்பீட்டு அதிகார சபை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பலாபத்வலயில் நிற்கிற பஸ் புறப்பட்டுப் போய்விடும் என்பதால் நாம் 'சபை' என்றே வைத்துக்கொள்வோம். மாத்தளை மாவட்டத்தில் எவனும் எந்தக் காலத்திலும் வைரம் கண்டவனில்லை. சபை அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. வைரம் கிடைத்துவிட்டால் சாத்தியக்கூறு முடிந்துவிடும், சாத்தியக்கூறு முடிந்தால் சபை முடிந்துவிடும், சபை முடிந்தால் டாக்டர் பட்டம் பெற்ற பணிப்பாளர் கலாநிதி தல்பாவில வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே எல்லாரும் நிதானமாகவே தேடினார்கள்.

ஓடைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். கலாநிதி அதை வெட்டினார். தண்ணீர் அதற்கு முன்பே போய்க்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் எல்லாரும் கை தட்டினார்கள். அழகையாவும் விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினான். தட்டாமல் விட்டால் அதற்கு ஒரு காரணம் கேட்பார்களே! பிறகு மாணிக்கம் கழுவும் மூங்கில் கூடையில் மணலை அள்ளிச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினார்கள்.

விதிப்படி, மணல் எடுக்கும்போது அருகில் நிற்கும் மனிதன் சாட்சி. சாட்சிக்கு விஷயத்தை விளக்குவதும் விதி. அந்த வேலை சபையின் இரசாயனவியலாளர் ஒஸ்வல்டுக்கு. மாத்தளை டவுனைச் சேர்ந்த வேதக்காரத் தமிழர். தடித்த கண்ணாடி, தணிந்த குரல், பேசுவதற்கு முன் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம்.

"வைரம் பூமிக்கடியில ரொம்ப ஆழத்துல பொறக்குதுங்க. அதுக்குக் கூடப் பொறப்பா ஒரு கார்னெட் கல்லு இருக்கு. அதுல குரோமியம் கூட இருக்கும், கல்சியம் கொறைய இருக்கும். அந்தக் கல்லு ஓடையில கெடைச்சா, மேல எங்கயாவது வைரம் இருக்கலாம்னு கணக்கு."

"கல்சியம்னா என்னாங்க மாத்தையா?"

"சுண்ணாம்புச் சத்து."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு குறைந்தால் நாக்குச் சிவக்காது என்பதுதான் அழகையாவுக்குத் தெரியும். "செவப்புக் கல்லுன்னா இந்த ஓடையில நெறயக் கெடக்குதுங்களே. புள்ளைங்க சோறு பொங்கி வெளையாடுறது அதுலதானே?"

"அது இரும்புக் கார்னெட். தோண்டுற எடமெல்லாம் இருக்கும். அதை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல, வீசிருவோம்."

சொல்லிக்கொண்டே கூடையைப் பார்த்த ஒஸ்வல்ட் நின்றுவிட்டார். மணலுக்கு நடுவே நாவல்பழச் சாயல் கலந்த சிவப்பில் உருண்டையாக ஒரு கல். நடுவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிற துளை. அழகையாவும் பார்த்தான். கக்கத்திலிருந்த விளக்கு நழுவித் தண்ணீரில் விழுந்தது. போன சித்திரையில் அந்தக் கல்லை இதே ஓடையில் விட்டது அவனுடைய கைதான்.

கதை என்னவென்றால், வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் மார்ஜரி துரைசாணி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய பையனுக்கு அம்மை போட்டது. ஆயாவாக இருந்தவள் நல்லம்மாவின் தாய். பங்களா வாசலில் வேப்பிலை கட்டினாள், அம்மனுக்கு நேர்ந்துகொள் என்று துரைசாணிக்குச் சொன்னாள். பெத்த வயிறு, வெள்ளையென்ன கறுப்பென்ன? நேர்ந்துகொண்டாள். பையன் பிழைத்தான். துரைசாணி லயத்துக் கோயிலுக்கு நடந்தே வந்து, தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார்னெட் மாலையைக் கழுத்திலிருந்து கழற்றி மாரியம்மனுக்குப் போட்டாள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது அவள் போய்விட்டாள், மாலை இருந்தது.

சில வருடத்துக்கு முன் தேர் இழுக்கும்போது மாலை அறுந்துபோயிற்று. அறுந்த மாலை சாமிக்கு ஆகாது, சாமி சொத்தை விற்கவும் கூடாது என்றார் பூசாரி பொன்னையா. திருவிழா முடிந்து கரகத்தை ஓடையில் குடிவிடுகிறபோது, கரகத்தோடு கொஞ்சம் மணிகளையும் விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. மொத்தமாக விட்டால் அம்மன் மொத்தமாகப் போய்விடுவாள், ஆகவே வருடத்துக்குக் கொஞ்சம். மிச்சம் கோயிலில் மஞ்சள் துணி முடிச்சில் இருந்தது. கரகம் தூக்குகிறவன் அழகையா.

சொல்லிவிடலாமே என்பீர்கள். நன்றாகச் சொல்லலாம்! அந்த வருடத்தில் ஒரு தமிழன் வாயைத் திறந்து "நான் ஒரு எடத்துல ஒண்ணு வெச்சேங்க" என்று சொன்னால், என்ன வைத்தான் என்று கேட்பதற்கு யாரும் நிற்கமாட்டார்கள். அழகையா வாயை மூடிக்கொண்டு, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தான்.

இரண்டு மாதம் கழித்து அதே ஜீப் திரும்பி வந்தது. இந்தத் தடவை சிவப்புப் பெயின்ட். பத்தாம் நம்பர் லயத்தின் ஒவ்வொரு கதவிலும் ஒரு பெருக்கல் அடையாளம் போட்டுக்கொண்டே போனார்கள். எண்பத்து மூன்று கலவரத்திலே மாத்தளை டவுன் எரிந்த புகையை இந்த வாசலில் நின்று பார்த்த சனம் அது. எரித்தவர்கள் எந்த வீடு தமிழ் வீடு என்று குறித்துக்கொண்டுதான் வந்தார்கள் என்பதையும் கேள்விப்பட்ட சனம். ஒரு கிழவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொக்கோ மரங்களுக்குள் ஓடினார்கள்.

ஒஸ்வல்ட் பின்னாலேயே ஓடினார். "அய்யோ, பயப்படாதீங்க, பயப்படாதீங்க! இது அது இல்ல! இந்த எடத்துல நூறடிக்குக் குழி வெட்டப் போறோம், அவ்வளவுதான்!"

சனங்கள் ஆறுதலடைந்து திரும்பி வந்தார்கள். வந்த பிறகுதான் அவர் சொன்னது காதில் ஏறியது.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டார்கள். கலாநிதி தல்பாவில பேசினார். ஒஸ்வல்ட் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்துத் தமிழில் சொன்னார்.

"அன்பார்ந்த தோட்ட மக்களே! உங்கள் ஓடையில் கிடைத்த கார்னெட், எமது தரப்படுத்தலில் அதிஉயர்ந்த பத்தாம் வகுப்பைச் சேர்ந்தது. ஓடையின் ஏற்றத்தை நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது அதன் பிறப்பிடம் சரியாக உங்கள் குசினி அடுப்புகளுக்குக் கீழே வருகிறது. இவ்வளவு காலமும் நீங்கள் வைரத்தின் மேல் தூங்கியிருக்கிறீர்கள். இந்தத் தூக்கத்தை நாடு இனியும் பொறுத்துக்கொள்ளாது. சபை தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒரு வைரத்தைக்கூடத் தவறாக அறிவித்ததில்லை என்பதைப் பெருமையுடன் கூறுகிறேன். உங்களை எங்கே குடியேற்றுவது என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு திணைக்களம். எமது சபை சாத்தியக்கூறுகளை மட்டுமே கையாள்கிறது. நீங்கள் எங்கேயாவது உயிர்வாழ்வதற்குச் சாத்தியக்கூறு உண்டு என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்."

கை தட்டுங்கள் என்று பியோன் சைகை காட்டினான். தட்டினார்கள்.

அன்று சாயந்திரம் நல்லம்மா அடுப்பு மூட்டவில்லை. குசினித் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகையா மெல்ல விஷயத்தைச் சொன்னான். அவள் தலையிலடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுசா! தெரிஞ்சுகிட்டா இத்தனை நாளு கம்முனு இருந்தீங்க?"

"சொன்னா புடிச்சிக்கிட்டுப் போயிருவானுங்க புள்ள. ஓடையில கல்லு போட்டு கவுருமெண்ட ஏமாத்துனேன்னு சொல்லுவானுங்க."

"சொல்லாட்டி? பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு எத்தினி வருசம் காத்துக்கிட்டு இருக்கோம்? அதுல எழுதுன அட்ரஸ் என்னா? பத்தாம் நம்பர் லயம். லயமே இல்லன்னா அவன் காயிதத்த எங்க அனுப்புவான்? 'அப்பிடி ஒரு எடமும் இல்ல, அப்பிடி ஒரு ஆளும் இல்ல'ன்னு எழுதி மூடிருவான். எங்க போவோம் சொல்லுங்க? 'நீ இந்தியாக்காரன், அங்கயே போ'ம்பான். இந்தியா எந்தப் பக்கம்னாச்சும் ஒங்களுக்குத் தெரியுமா?"

அழகையாவுக்குத் தெரியாது. அவனுடைய அப்பனே இந்த லயத்தில் பிறந்தவன். மறுநாள் பொன்னையாவிடம் கேட்டு மஞ்சள் துணி முடிச்சை வாங்கி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினான்.

பலாபத்வலயில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு ஏது அடையாள அட்டை? தோட்டத்துத் துரை பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்த துண்டை நீட்டினான். ஆமிக்காரப் பையன் அவனுடைய இடுப்பைத் தடவினான். கை முடிச்சில் தட்டுப்பட்டு நின்றது. அழகையா இரண்டு கையையும் கூப்பினான். "தெய்யோ, மாத்தையா. கோவில சாமான்" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உளறினான். பையன் முடிச்சைத் தொட்ட கையைச் சட்டென்று எடுத்து, தன் மணிக்கட்டில் விகாரையில் கட்டிவிட்டிருந்த வெள்ளை நூலைத் தடவிக்கொண்டு, போ என்றான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழகையா முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மாத்தளையில் சபையின் காரியாலயத்துக்கு ஒரு பழைய பங்களா. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பத்தாம் வகுப்புக் கல்லை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோகும்போது உத்தியோகத்தர் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் பாதி எழும்பினால் போதும். அழகையா உள்ளே நுழைந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கலாநிதியின் மேசைக்கு முன்னால் நின்று, முடிச்சை அவிழ்த்துக் கொட்டினான். மணிகள் உருண்டன. கதிரைகள் கிறீச்சிட்டன. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

அழகையா பதறிப்போனான். "ஐயோ, உக்காருங்க ஐயா, உக்காருங்க. நான் சும்மா தோட்டத்து ஆளு."

யாரும் உட்காரவில்லை. அவன் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான்: துரைசாணி, அம்மை, தேர், கரகம், தன்னுடைய கை. "கல்லு எங்க குசினிக்குக் கீழ பொறக்கலீங்க. கப்பல்ல வந்துச்சுங்க. ஓட்டையப் பாருங்க, நூலு கோத்த ஓட்டை. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க, லயத்த மட்டும் ஒடைச்சிறாதீங்க."

ஒஸ்வல்ட் அதைச் சிங்களத்தில் சொன்னார். குரல் போகப்போக மெலிந்து, ஓட்டை என்கிற இடத்தில் அநேகமாக நின்றேவிட்டது.

கலாநிதி கோபப்படவில்லை. சிரித்தார். அவருடைய பதிலை ஒஸ்வல்ட் மொழிபெயர்த்தார்.

"துளை பற்றி ஆராய எமது சபை ஓர் உபகுழு அமைத்தது. வைரம் பிறக்கும் ஆழத்திலிருந்து மேலே வருகையில் கல் மூச்சு விட்ட வழி அது என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. ஏகமனதான ஒரு துளையை நீ எப்படி மறுக்கலாம்? மேலும், இந்த நாட்டு மண்ணைப் பற்றிச் சாட்சி சொல்ல நீ இந்த நாட்டுப் பிரஜையா?"

"மனுப் போட்டிருக்கேங்க."

"அப்படியானால் உன் சாட்சியும் மனுவாகவே இருக்கட்டும். கல் வெளிநாட்டிலிருந்து வந்தது என்கிறாய். அப்படியென்றால் அனுமதியின்றி இரத்தினக்கல் இறக்குமதி. அது பொலீஸ் விஷயம். ஐந்து நிமிடத்தில் வருவார்கள். கல் இங்கே பிறந்தது என்றால் பொலீஸுக்கு வேலையில்லை. எது உனக்கு வசதி?"

அழகையா கீழே உருண்டு கிடந்த ஒரு மணியைப் பொறுக்கி மேசையில் வைத்தான்.

மணிகளைக் கொழும்பிலிருந்து வந்த மெஷினுக்குள் வைத்தார்கள். மெஷின் முனகியது. குரோமியம் கூட, கல்சியம் குறைவு. ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாம் பத்தாம் வகுப்பு! டைப்பிஸ்ட் அம்மா அங்கேயே உட்கார்ந்து பிறப்பிடச் சான்றிதழ்களைத் தட்டினாள். இன்ன கல், இலங்கை, மாத்தளை மாவட்டம், யட்டவத்தை, பெரியகல்லுத் தோட்டத்தில் பிறந்தது, இதில் ஐயமில்லை. சீல். கையொப்பம். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அழகையா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தைரியம் வந்ததோ, இல்லை பயம் முற்றிப்போய்த்தான் கேட்டானோ, எனக்குத் தெரியாது. முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, கையை மெஷினுக்கு முன்னால் நீட்டினான்.

"ஐயா, இது கப்பல்ல வந்த கல்லு. இதுக்கே இங்க பொறந்ததுன்னு எழுதித் தாறீங்க. நான் நெசமாவே இங்க பொறந்தவங்க. எங்கப்பனும் இங்கதான். என்னையும் ஒருக்கா இதுல வெச்சுப் பாத்து அப்பிடி ஒரு சீலு குத்தித் தந்தீங்கன்னா..."

கலாநிதி ஒஸ்வல்டைப் பார்த்தார். ஒஸ்வல்ட் தரையைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் அழகையாவுக்குச் சொன்னார்.

"மனுசன் ரத்தத்துல இருக்கிறது இரும்பு, அழகையா. இரும்பை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல."

வெளி விறாந்தை வரைக்கும் கூடவே வந்தார். பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"அது நூல் கோத்த ஓட்டைன்னு மொத நாளே எனக்குத் தெரியும். ஓடையிலயே தெரியும். ஆனா எண்பத்து மூணுல என் வீட்டு கேட்டுக்கு முன்னால நின்னவங்கள்ல ரெண்டு பேர் அந்த உபகுழுவுல இருக்காங்க. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க. நான் ஓட்டையைப் பத்திப் பேசுறதில்ல." சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லயத்தை உடைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, மரியாதையாகவே உடைத்தார்கள். முதலில் ரிப்பன் கட்டி வெட்டினார்கள். சனங்களைக் கொக்கோ காயப்போடும் ஸ்டோருக்குள் தற்காலிகமாக விட்டார்கள். நூறடிக் குழியிலிருந்து வந்ததெல்லாம் பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடுகிற சிவப்பு மணல். ஒரு மழைக்குக் குழி நிறைந்து குளமாயிற்று. வைரம் இங்கே இல்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டதால், அது அடுத்த லயத்தின் கீழ் இருப்பதற்கான சாத்தியக்கூறு இரட்டிப்பாகியிருக்கிறது என்று சபை அறிக்கை விட்டது. கலாநிதிக்குப் பதவி உயர்வு. ஒன்பதாம் நம்பர் லயத்துக் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள்.

பிரஜாவுரிமைக் கந்தோரிலிருந்து அழகையாவின் பேருக்கு ஒரு காயிதம் வந்ததாம். பத்தாம் நம்பர் லயத்தைத் தேடிப் பார்த்த தபால்காரன், அங்கே குளம் இருக்கக் கண்டு, அதைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அடுத்த சித்திரைக்குக் கரகம் குடிவிட ஒரு மணியாவது வேண்டுமே என்று நல்லம்மா அடம்பிடித்தாள். "அம்மன் பொருள். கேட்டா குடுக்காமலா போவாங்க? நீங்க பயந்தா வீட்டுல இருங்க" என்றாள். வீடு எது? அவனும் கூடப் போனான்.

சபையில் இப்போது ஒரு காட்சிக்கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் அம்மனின் மணிகள். பக்கத்தில் ஒரு காவலாளி. நல்லம்மா பெட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒஸ்வல்டைக் கண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏலாது அம்மா" என்றார் அவர். "பிறந்த இடத்தை விட்டு அதைக் கொண்டுபோகச் சட்டத்துல இடமில்ல."

"சரிங்க. அதுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கே, அதையாச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்."

ஒஸ்வல்ட் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காத குரலில் படித்தார். "விலாசம்: பெரியகல்லுத் தோட்டம், பத்தாம் நம்பர் லயம். நிரந்தரம்."

நல்லம்மா கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள். "நம்ம லயத்துல ஒருத்திக்காச்சும் எழுதிக் குடுத்திருக்காங்க."

அப்போது காவலாளி பக்கத்தில் வந்து இரண்டு பேரிடமும் அடையாள அட்டையைக் கேட்டான். அழகையா அவசர அவசரமாக மடிப்பிலிருந்து துரை கொடுத்த பழைய துண்டை எடுத்து நீட்டினான். காவலாளி அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். விலாசம் எழுதிய இடத்தில் அவனுடைய விரல் நின்றது. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான், திரும்பவும் துண்டைப் பார்த்தான்.

"இது அந்தக் கல்லுட விலாசமாச்சே" என்றான். "நீ எங்கிருந்து களவெடுத்த?"